பொய்யை நீக்கும் அதிகாரம் யார் கையில்?

பாளையங்கோட்டையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணாச்சி, பேஸ்புக், யூடியூப், வாட்ஸ்அப் மாதிரியான தளங்கள் பொய்ச் செய்தியைத் தாங்களே பார்த்து நீக்க வேண்டுமா? நீக்க ஆரம்பித்தால் கருத்துச் சுதந்திரம் என்ன ஆகும்? கல்லூரியில் இதுதான் விவாதத் தலைப்பு. எந்தப் பக்கம் நின்று பேசினாலும் பாதியில் மாட்டிக்கொள்கிறேன்." நான் பத்திரிகை டெஸ்க்கில் பல வருடம் செய்தி திருத்தியவன். அதனால் என்னிடம் கேட்டிருக்கிறார்.

தம்பி, பாதியில் மாட்டுவது உங்கள் குறை இல்லை. கேள்விக்குள்ளேயே மூன்று வேலைகள் ஒன்றாகக் கட்டிக் கிடக்கின்றன. ஒரு பதிவை அடியோடு நீக்குவது, அது பரவும் வேகத்தைக் குறைப்பது, இது உண்மை இது பொய் என்று முத்திரை குத்துவது. மூன்றுக்கும் ஒரே பதில் சொல்லப் போனால் யாரும் மாட்டிக்கொள்ளத்தான் செய்வார்கள். என் பதில் இது: வேகத்தைக் குறைக்கும் கடமை தளங்களுக்குக் கட்டாயம் உண்டு. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்த இடத்தில் நீக்கவும் வேண்டும். ஆனால் எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லி மற்றதை அழிக்கும் அதிகாரத்தை அந்த நிறுவனங்களிடமும் கொடுக்கக் கூடாது, அரசாங்கத்திடமும் கொடுக்கக் கூடாது. இதற்கு வலுவான ஆதாரம் நம்ம மாவட்டத்திலேயே, கூடங்குளத்திலேயே இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். "தளங்கள் தலையிடலாமா" என்று கேட்கும்போது, இப்போது அவை ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பது போல நினைத்துக்கொள்கிறோம். உங்கள் பேஸ்புக்கைத் திறந்தால் முதலில் எந்தப் பதிவு வர வேண்டும், யூடியூபில் ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்து எது ஓட வேண்டும் என்பதை எல்லாம் அந்த நிறுவனத்தின் கணக்கு முறைதான் முடிவு செய்கிறது. எது அதிக நேரம் உட்கார வைக்குமோ அது மேலே வரும். கோபமும் பயமும் நன்றாக உட்கார வைக்கும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரையிலான ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப் போல ஆறு மடங்கு நேரம் பிடித்ததாம். புதிதாக, அதிர்ச்சியாக இருப்பதை மனிதர்களே விரும்பிப் பகிர்கிறார்கள், ரோபோ கணக்குகள் மட்டும் காரணம் இல்லை என்பதும் அதில் ஒரு முடிவு. அந்த விருப்பத்துக்கு இன்னும் தீனி போடுகிற மாதிரி ஒரு யந்திரத்தைக் கட்டி வைத்துவிட்டு, "நாங்கள் வெறும் சுவர்தான், எழுதுவது நீங்கள்தான்" என்று நிறுவனம் கையை விரிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

வேகத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018 நல்ல பாடம். அந்த வருடம் "குழந்தை கடத்த வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது" என்ற ஆடியோவும் வீடியோவும் தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றின. பைக்கில் வரும் இரண்டு பேர் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் காட்சி ஒன்று நாடெங்கும் ஓடியது. அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த படம். முழுப் படத்தில் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அட்டையில் எழுதிய வாசகத்தைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள்.

மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்குச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பத்தை ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டு அடித்தார்கள். வழி கேட்க நின்ற இடத்தில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். நெல்லைச் சீமைக்காரனுக்கு இந்தச் செய்தி வேறு மாதிரி உறைக்கும். பங்குனி உத்திரம் வந்தால் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் நம்ம சனம் வாடகைக் கார் பிடித்து, பாதி மறந்த வழியில் சாஸ்தா கோயிலைத் தேடி ஏதோ ஒரு கிராமத்து முக்கில் நின்று "அண்ணே, இந்தக் கோயிலுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்பது வருடா வருடம் நடப்பது. கூட வந்த பெரியம்மா அங்கே நிற்கும் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கத்தான் செய்வாள்.

அந்த ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ ஐந்து குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி மாற்றியது. 'ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்ற குறிப்பும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தி என்றால் ஒரு நேரத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கினார்கள். அதற்குப் பிறகு அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் உலக அளவில் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. அவர்கள் கணக்கை அவர்களே சொல்வது, சரி, அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். நான் கவனிக்கச் சொல்வது வேறு. வாட்ஸ்அப் செய்தி மறைகுறியாக்கம் செய்யப்பட்டது, உள்ளே என்ன இருக்கிறது என்று நிறுவனம் படிப்பதில்லை. எது உண்மை எது பொய் என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை, ஒரு வரியைக்கூட நீக்கவில்லை. ஃபார்வர்டு பொத்தானை இறுக்கினார்கள், அவ்வளவுதான். கருத்துச் சுதந்திரத்தில் கை வைக்காமலே செய்யக்கூடிய வேலை இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? விவாதத்தில் இதை விட்டுவிடாதீர்கள்.

இனி கூடங்குளம். 2019 அக்டோபர் 28 வாக்கில் அணுமின் நிலையத்தின் கணினி அமைப்பில் ஊடுருவல் நடந்திருக்கிறது என்ற பேச்சு ட்விட்டரில் கிளம்பியது. இணையப் பாதுகாப்பு வல்லுநர் புக்ராஜ் சிங் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். மறுநாள் 29-ம் தேதி நிலையத் தரப்பிலிருந்து செய்திக்குறிப்பு வந்தது: சமூக ஊடகங்களில் பொய்த் தகவல் பரப்பப்படுகிறது, நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, அவற்றின் மீது இணையத் தாக்குதல் சாத்தியமே இல்லை. டெஸ்க்கில் உட்கார்ந்தவனுக்கு இப்படி ஒரு குறிப்பு வந்தால் "வதந்திகளை நம்ப வேண்டாம்: கூடங்குளம் நிர்வாகம்" என்று தலைப்புப் போட்டு ஏற்றிவிடத்தான் தோன்றும். 30-ம் தேதி இந்திய அணுமின் கழகமே இன்னொரு அறிக்கை விட்டது. தீநிரல் (மால்வேர்) கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான், செப்டம்பர் 4-ம் தேதியே தங்களுக்குத் தகவல் வந்தது, நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில்தான் அது இருந்தது, முக்கியமான உள் வலையமைப்புக்குப் பாதிப்பில்லை என்றார்கள்.

இரண்டு அறிக்கைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். முதல் அறிக்கை சொன்ன விஷயம் கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றியது. அதை வரிக்கு வரி பார்த்தால் பொய் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி என்னவோ ஊடுருவல் நடந்ததா என்பது. அதற்குப் பதில் சொல்லாமல், கேட்டவர்களைப் பொய் பரப்புகிறவர்கள் ஆக்கியது. உலையைச் சுற்றி இடிந்தகரையிலும் கூத்தங்குழியிலும் குடியிருக்கிற சனத்துக்கு இது சின்ன விஷயமா?

இப்போது இந்தக் காட்சியை 2023 ஏப்ரலில் மத்திய அரசு கொண்டுவந்த விதியோடு சேர்த்துப் பாருங்கள். மத்திய அரசின் அலுவல் குறித்து வரும் பதிவுகளை, அரசே அமைக்கும் உண்மை சரிபார்ப்புப் பிரிவு 'பொய்' என்றோ 'திசைதிருப்புவது' என்றோ குறித்துவிட்டால், அதை வைத்திருக்கும் தளம், பிறர் பதிவுக்குத் தான் பொறுப்பில்லை என்ற சட்டப் பாதுகாப்பை இழக்க நேரிடும் என்பது அந்த விதி. வழக்குக்குப் பயந்து எந்தத் தளமும் உடனே நீக்கிவிடும். அணுசக்தி மத்திய அரசின் அலுவல். அந்த விதி 2019-ல் இருந்திருந்தால் அக்டோபர் 29 அன்று உண்மையைச் சொன்ன பதிவுகள் பொய் என்று நீக்கப்பட்டிருக்கும். அப்புறம் 30-ம் தேதி அறிக்கை வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். அந்தப் பிரிவை அமைத்த அறிவிக்கைக்கு 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் விதியையே ரத்து செய்தது. நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா உள்ளிட்டோர் போட்ட வழக்கு அது.

அரசு மறுப்பே சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாடு அரசும் 2023-ல் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றைத் தொடங்கியது. மறுப்பு எழுதட்டும், ஆதாரம் போடட்டும், தாராளமாகச் செய்யட்டும். மறுப்புக்குப் பதில் மறுப்பு எழுத எதிராளிக்கும் இடம் இருக்கிறவரை ஆபத்து இல்லை. மறுப்பு எழுதுகிற கையே அழிக்கிற கையாகவும் மாறும்போதுதான் சிக்கல்.

அரசுக்குக் கைவசம் இருக்கும் இன்னொரு வழி முழுசாக நெட்டை வெட்டுவது. 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த பிறகு, வதந்தி பரவுவதைத் தடுக்க என்று சொல்லி மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் 27-ம் தேதி வரை இணையத்தை நிறுத்த உத்தரவு போட்டார்கள். வதந்தி நிற்கவில்லை, வாய்வழியாக ஓடியது. அதைச் சரிபார்க்கிற வழிதான் அடைபட்டது. சென்னையில் இருக்கிறவன் டிவியில் பார்த்ததைக்கூட அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கிற நாம் போனில் பார்க்க முடியவில்லை.

சரி, நிறுவனத்தின் கையில் விடக் கூடாது என்று ஏன் சொல்கிறேன்? அவர்களுக்கு நம்ம ஊர் தெரியாது, தெரிந்துகொள்ளச் செலவு செய்யவும் மனசில்லை. 2021-ல் வெளியே வந்த பேஸ்புக்கின் உள் ஆவணங்களின்படி, பொய்த் தகவலை அடையாளம் காணும் வேலைக்கு ஒதுக்கியதில் 87 சதவீதம் அமெரிக்காவுக்குப் போனது. மீதி உலகம் முழுமைக்கும் 13. தினமும் பேஸ்புக்கைப் பயன்படுத்துகிறவர்களில் வட அமெரிக்கர்கள் பத்து சதவீதம்தான். மியான்மரில் ரோஹிங்கியாக்களுக்கு எதிராக வெறுப்பு கொப்பளித்த வருடங்களில் பர்மிய மொழி தெரிந்த ஆட்களைப் போதிய அளவு வைத்திருக்கவில்லை என்று அந்த நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது.

நம்ம பக்கம் இது சாதிப் பதிவில் வந்து நிற்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. எந்த நிறம் எந்தச் சாதி என்பது இங்கே எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். கலிஃபோர்னியாவில் எழுதிய நிரலுக்கு அது வெறும் கயிறு. கயிறு கட்டிய கை, அருவாள் படம், இரண்டு வரிப் பாட்டு, ஒரு தேதி. இதை ரீல்ஸாகப் போட்டால் வடிகட்டிக்குக் கோயில் கொடை வீடியோ மாதிரிதான் தெரியும். பார்க்கிற ஊர்க்காரனுக்குப் பழிக்குப் பழி என்று புரிந்துவிடும். அதே வடிகட்டி, தன்னைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டியதை அப்படியே எழுதி நியாயம் கேட்கிறவரின் பதிவில் அந்தச் சொல் இருக்கிறது என்று அதைத் தூக்கிவிட வாய்ப்புண்டு. தமிழில் பொய்யைப் பிடிக்க வேண்டும் என்றால் தமிழ் தெரிந்தால் மட்டும் போதாது. தாமிரபரணிக்கு இந்தக் கரையில் ஒரு சொல்லுக்கு என்ன சூடு என்பதும் தெரிய வேண்டும். அப்படி ஆட்களைச் சம்பளம் கொடுத்து வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதுதான் அரசு செய்யக்கூடிய உருப்படியான காரியம்.

பத்திரிகைகள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. இரண்டாயிரம் ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் காட்டிக்கொடுக்கும் என்று 2016 நவம்பரில் படம் போட்டு விளக்கியவை பெரிய தொலைக்காட்சிகள். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று பரவியபோது பெரிய இந்திப் பத்திரிகை ஒன்றும் அதைச் செய்தியாக வெளியிட்டது. அந்த வீடியோக்களில் ஒன்று திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர் இரண்டு குழுவுக்குள் நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. ஐந்து வருடம் முன்னால் வடநாட்டான் பிள்ளை பிடிக்க வருகிறான் என்று இங்கே பயந்தோம், இப்போது தமிழன் கொல்கிறான் என்று அங்கே பயந்தார்கள்.

பத்திரிகைக்கும் தளத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நாளிதழின் ஏதாவது ஒரு மூலையில் பொடி எழுத்தில் ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர் இருக்கும். 1867-ம் வருடச் சட்டத்திலிருந்து வரும் வழக்கம். தப்பான செய்தி என்றால் யார் மேல் வழக்குப் போடுவது என்பதில் குழப்பமே இல்லை. தளங்களுக்கு அப்படி இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ம் பிரிவு, பிறர் போடும் பதிவுக்கு அவற்றைப் பொறுப்பாக்காமல் காக்கிறது. நீதிமன்ற உத்தரவோ அரசு உத்தரவோ வந்த பின்னும் நீக்காவிட்டால்தான் அந்தப் பாதுகாப்புப் போகும் என்று 2015 ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு விளக்கியது. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் குற்றம் என்ற 66ஏ பிரிவை ரத்து செய்ததும் அதே தீர்ப்புதான். இந்தப் பாதுகாப்பைப் பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் பயந்துபோய் எல்லாவற்றையும் நீக்குவார்கள். ஆனால் பிறர் போட்ட பதிவு வேறு, அந்தப் பதிவைப் பத்து லட்சம் பேருக்கு முன்னால் தானே எடுத்து வைத்தது வேறு. பொய் வீடியோவுக்கு விளம்பரம் போட்டு வருமானத்தில் பங்கு கொடுத்தது அதைவிட வேறு. இந்த இரண்டுக்கும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. உயிரோடு இருக்கும் நடிகருக்குக் கண்ணீர் அஞ்சலி தம்ப்நெயில் போடுகிற சேனலுக்குக் காசை நிறுத்தினால் பாதி அஞ்சலிகள் நின்றுவிடும்.

பத்திரிகைகளின் பழைய கட்டுப்பாடு ஒன்றையும் சொல்ல வேண்டும். சாதி மோதல் செய்தியில் சாதிப் பெயர் போட மாட்டோம், "இரு தரப்பினரிடையே மோதல்" என்றுதான் எழுதுவோம். பழிவாங்கல் அடுத்த ஊருக்குப் பரவக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரு தரப்பு வெட்டி, மறு தரப்பு வெட்டுப்பட்டிருக்கும்போதும் 'மோதல்' என்றே எழுதி இரண்டையும் சமமாக்கிவிட்டோம். நல்லெண்ணத்தோடு செய்கிற தணிக்கைக்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள், பெரும்பாலும் பலம் இல்லாதவன். தளங்களுக்கு அதிக அதிகாரம் கேட்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தின் சமூகக் குறிப்புகள் முறை பற்றியும் கேட்பார்கள். வேறு வேறு கருத்துச் சாய்வு உள்ளவர்கள் ஒரு குறிப்பைப் பயனுள்ளது என்று ஏற்றால்தான் அது பதிவின் கீழே தோன்றும். 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தது. பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவும் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் உண்மை சரிபார்ப்பாளர்களை விட்டுவிட்டு இந்தப் பக்கம் போவதாக அறிவித்தது. யோசனை மோசமில்லை, நிதானமாக நடக்கும் சர்ச்சைக்கு உதவும். வெள்ளத்துக்கு உதவாது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, நெல்லை ஜங்ஷனுக்குள் ஆறு புகுந்து, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோன மாதிரியான இரவில் அணை பற்றிய ஒரு பொய் கிளம்பினால் விடிவதற்குள் அதன் வேலை முடிந்துவிடும். குறிப்பு மறுநாள் வரும். அந்த நேரத்துக்கு வேண்டியது பாபநாசம் அணையில் 143 அடிக்கு எத்தனை அடி, மணிமுத்தாறு அணையில் 118-க்கு எத்தனை, எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்ற எண்கள். ஆட்சியர் அலுவலகம் அதை மணிக்கொரு தடவை போட வேண்டும், தளம் அதை மாவட்டத்துக்காரர்கள் எல்லோருக்கும் மேலே காட்ட வேண்டும். எண் வராத இடத்தில்தான் வதந்தி வருகிறது.

கடைசியாக, பொய்யோ சாதி வெறியோ உள்ள பதிவைப் பார்த்தால் என்ன செய்வது என்றும் உங்கள் கேள்வியின் ஓரத்தில் இருந்தது. ரிப்போர்ட் பொத்தானோடு நிற்காதீர்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி பெரிய தளங்கள் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் வெளியிட்டிருக்க வேண்டும், அவருக்கு எழுதுங்கள். அவர் முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம், 2023-லிருந்து அது செயல்படுகிறது. பதிவு மறைவதற்கு முன் இணைப்பு, தேதி, ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அந்தக் கயிற்று நிறத்துக்கும் அந்தப் பட்டப்பெயருக்கும் நம்ம ஊரில் என்ன அர்த்தம் என்று மனுவிலேயே இரண்டு வரி விளக்கி எழுதுங்கள். படிக்கப் போகிறவர் அநேகமாக வேறு மாநிலத்தில் உட்கார்ந்திருப்பார்.